மறு: அறைக்குள் போகும், ஆனால் சுடக்கூடாத தோட்டா – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

> பொருந்தாத் தோட்டா என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும். இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

இழுக்கவில்லை அண்ணாச்சி. ஆனால் இந்தச் சொல் நேர்மாறான அர்த்தம் தருகிறது. பொருந்தாத தோட்டாவால் ஒரு தொந்தரவும் இல்லை. அது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே போகாது. நாம் தமிழில் எழுதும் துப்பாக்கிக் கையேடு எச்சரிக்க வேண்டியது கச்சிதமாகப் பொருந்துகிற தோட்டாவைப் பற்றித்தான். தடங்கலில்லாமல் உள்ளே போகும், உருளை சுழலும், பூட்டும் சரியாக விழும். விசையை இழுத்த பிறகுதான் சேதி தெரியும்.

வெப்ளி மார்க் 6ஐப் பாருங்கள். 1915இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த .455 ரிவால்வர் (இந்த எண்கள் தோட்டாவின் குறுக்களவு, அங்குலக் கணக்கில்). பின்னாளில் அமெரிக்காவுக்குப் போனவற்றில் ஏராளமானவற்றுக்கு உருளையின் பின்முகத்தைச் சீவிவிட்டார்கள், பிஸ்டலுக்கான .45 ஏசிபி (Automatic Colt Pistol) தோட்டாவைக் கிளிப்பில் மாட்டிப் போடுவதற்காக. .455 தோட்டா கிடைப்பது அரிது, .45 எந்தக் கடையிலும் கிடைக்கும். விற்கிறவனுக்கு அது போதும். .455இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45 ஏசிபிக்கு வரம்பு 21,000. முதல் பெட்டி தீரும்வரை ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அதுதான் இதில் மோசம்.

மவுசர் சி96 பிஸ்டலின் 7.63 மி.மீ. தோட்டாவும் சோவியத் டோக்கரேவ் பிஸ்டலின் 7.62 மி.மீ. தோட்டாவும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. பின்னதில் பல அதிகக் காரம். இத்தாலிக்காரர்களின் 1910 கிளிசென்டி பிஸ்டலுக்குள் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா அப்படியே போய் உட்காரும். அந்தத் துப்பாக்கி அதற்காகச் செய்ததல்ல.

ஆசிரியை அக்கா சொன்ன ‘மிகையழுத்தத் தோட்டா’ இதைவிடத் தேவலை. ஆனால் அது பழியைத் தோட்டா மேல் போடுகிறது. மேலே சொன்ன .45 தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. தனக்கான துப்பாக்கியில் அது ஒழுங்காகவே வெடிக்கும். குறை, இந்தத் தோட்டாவுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் இடையில் இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இடைப்பட்ட குறையைச் சொல்லும் சொல்.

என் பரிந்துரை: ஒவ்வாத் தோட்டா. சிலருக்குக் கருவாடு ஒவ்வாது. கருவாட்டில் கோளாறு இல்லை, வாய்க்குள் போவதிலும் சிரமமில்லை. போன பிறகுதான் உடம்பெல்லாம் தடிக்கும்.

கூடவே இரண்டு துணைச்சொற்கள். தோட்டா உண்டாக்குவது வெடியழுத்தம். துப்பாக்கி பொறுத்துக்கொள்வது தாங்கழுத்தம். தாங்குதிறன் மாதிரி வினைத்தொகைதான், புதுசாக யாரும் மிரள வேண்டியதில்லை. இந்த இரண்டும் கையில் இருந்தால் ஆங்கிலக் கையேட்டின் அரைப்பக்கத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்: வெடியழுத்தம் தாங்கழுத்தத்தைத் தாண்டினால் அது ஒவ்வாத் தோட்டா.

> கையேட்டைக் கேட்டது வெளிநாட்டில் சுடும் நம்மவர்கள். ராணுவத் தோட்டா அளவுகள் (bore) இங்கே பெரும்பாலும் தடைப் பட்டியலில். நமக்கு எதற்கு இவ்வளவு?

நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊரிலேயே .32 இருக்கிறதே. திருநெல்வேலிப் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் ‘முப்பத்திரண்டு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போதும் பேச்சு அதுதான். அந்த முப்பத்திரண்டில் குட்டை ஒன்று, நீளம் ஒன்று. குட்டையானது பிஸ்டலுக்கான .32 ஏசிபி, நீளமானது ரிவால்வருக்கான.32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். முன்னதன் வரம்பு 20,500 பவுண்டு, பின்னதற்கு 15,000. குட்டைதானே, சாது என்று நினைக்கத் தோன்றும். காரம் அதில்தான் கூடுதல். அதன் அடிவிளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருப்பதால், பல பழைய ரிவால்வர் அறைகளுக்குள் போய், நழுவி விழாமல் நிற்கவும் செய்யும்.

இதனால்தான் பிஸ்டலையும் ரிவால்வரையும் ஒரே ‘கைத்துப்பாக்கி’யில் அடைக்க வேண்டாம் என்கிறேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். அதை ரிவால்வர் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரலாற்றுக் கட்டுரையில் போனால் போகிறது, தோட்டா வாங்கும் இடத்தில் விட முடியாது. சுழல் துப்பாக்கி (ரிவால்வர்) ஒரு தலைப்பு, பிஸ்டல் இன்னொரு தலைப்பு.

பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பிக்கு,

கருவாட்டை இழுத்த பிறகு நான் என்ன பேச! ஆனாலும் ரெண்டு சந்தேகம்.

ஒவ்வாமை ஏற்கெனவே டாக்டர்கள் சொத்து. படிக்கிறவன் தோட்டாவைத் தொட்டால் கை அரிக்கும் என்று நினைத்துக்கொள்ள மாட்டானா? ‘தாங்காத் தோட்டா’ என்றால் உங்கள் தாங்கழுத்தத்தோடும் ஒட்டிப்போகுமே.

அப்புறம், பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிக் குழலில் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று முத்திரை இருக்கும். அதையே தாங்கழுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரு டன் 2,240 பவுண்டு, பெருக்கினால் முடிந்தது.

*

அண்ணாச்சி,

‘தாங்காத் தோட்டா’ என்றால் தாங்காதது தோட்டா என்று ஆகிவிடும். இங்கே தாங்காதது துப்பாக்கி. ஒவ்வுதல் இரண்டு பக்கத்துக்கும் பொது. இதற்கு அது ஒவ்வாது என்றால் இரண்டும் பழியிலிருந்து தப்பிக்கும். அரிப்புச் சந்தேகம் முதல் உதாரணத்திலேயே தீர்ந்துவிடும்.

டன் முத்திரையைப் பெருக்கக் கூடாது. அது சின்னச் செப்பு உருளை எவ்வளவு நசுங்கியது என்று பார்த்துப் போட்ட அந்தக் காலத்துக் கணக்கு. இன்று மின்னணுக் கருவியில் அளக்கிறார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பான தைரியம்தான் வரும். அதற்குத் தனியாக ‘சோதனை முத்திரை’ என்று ஒரு பதிவு போடுவோம். அது அந்தத் துப்பாக்கி சோதனையில் தேறியது என்பதற்கான அடையாளம் மட்டும். நூறு வருடத் தேய்மானத்துக்கும் பிற்பாடு உருளையைச் சீவியதற்கும் அது பொறுப்பாகாது. கையேட்டில் வேறு ஒரு வரியும் வேண்டும்: பழைய துப்பாக்கியை, ஒரு தோட்டாவும் போடுவதற்கு முன், விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டவும். ‘படைக்கலப் பணியர்’ எல்லாம் வேண்டாம்.

ஆசிரியை அக்கா கேட்ட இன்னொன்று: பழைய ராணுவத் தோட்டாக்களின் துருப்பிடிக்க வைக்கும் கேப் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது). அதில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், நம் கோவில்பட்டித் தீப்பெட்டி மருந்தில் இருப்பதே. வெடித்த பிறகு உப்பாகக் குழலில் படியும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், துரு ஏறும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் உப்பு போகாது. முதலில் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும், அப்புறம் காயவைத்து எண்ணெய். ‘அரிமானத் தீமூட்டி’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். துருக்கேப் என்றால் போதும்.

மறுப்பு இல்லையென்றால் பதிவு இப்படிப் போகட்டும்:

ஒவ்வாத் தோட்டா – அறைக்குள் நுழைந்தாலும், குறிப்பிட்ட துப்பாக்கியின் தாங்கழுத்தத்தை மீறிய வெடியழுத்தம் உள்ள தோட்டா. எ-டு: உருளை சீவிய .455 வெப்ளியில் .45 ஏசிபி.