வியட்நாமில் தெரியாதவர் வீட்டில் தங்கலாமா?

கேள்வி (கிளிநொச்சி):
மாசியில் ஹனோய் போகிறேன், முதல் வெளிநாட்டுப் பயணம். கவுச்சேர்ஃபிங் என்ற, பயணிகளுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுப்பவர்களைத் தேடும் இணையத்தளத்தில் ஒரு குடும்பம் நான்கு இரவு தங்க வரச் சொல்லியிருக்கிறது, காசு வேண்டாமாம். அம்மா பயப்படுகிறா. போகலாமா?

பதில் (முல்லைத்தீவு):
போங்கோ தம்பி. ஆனால் அங்கே வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும், அதுக்காகப் பாஸ்போர்ட் கேட்பார்கள். பதிய மாட்டோம் என்றால் அந்த வீடு வேண்டாம். தை, மாசியில் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு வரும், பலர் ஊருக்குப் போய்விடுவார்கள், திகதியை உறுதிப்படுத்துங்கோ.

பதில் (வவுனியா):
வாசலில் செருப்பைக் கழற்றுங்கோ, எங்கள் வீடுகள் மாதிரித்தான். நான் அங்கே ஒரு வீட்டில் தங்கப் போனபோது பனங்கட்டிக் குட்டான் கொண்டுபோனேன்; அந்த வீட்டு ஆச்சி ஓலையைப் பிரித்து மணந்து பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டவர் என் கையை விடவே இல்லை.

கேட்டவர்:
சரி அண்ணா, பதிவு பற்றி இன்றைக்கே கேட்கிறேன்.