அஷ்ரஃப் முகாம்ல காணாமப் போனவங்களைப் பத்தி எங்க போய் கேக்கறது?

தேடல்77:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில வேலை பாக்குறேன், கூட வேலை செய்யற ஈரானிய அக்கா ஒருத்தங்க, ரெண்டு வருஷமா பக்கத்து பக்கத்து டேபிள்தான், ஆனா போன வாரம்தான் அவங்க அண்ணனைப் பத்தி வாயைத் திறந்தாங்க. அவர் 1986ல துருக்கி வழியா ஈராக் போய் ஈரான் அரசை எதிர்க்கற முஜாஹிதீன்-ஏ-கல்க் அமைப்புல சேந்துட்டாராம். கடைசி கடிதம் 1988 ஆரம்பத்துல வந்திருக்கு. அதுல கடைசி ரெண்டு வரியை யாரோ மை பூசி அழிச்சிருக்காங்க, அவங்க அம்மா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாப்பாங்களாம். அதோட சரி, உயிரோட இருக்காரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

ஈராக்ல அந்த அமைப்புக்காரங்க இருந்த இடம்தான் அஷ்ரஃப் முகாம். 2013ல அங்க இருந்து ஏழு பேரைக் கடத்திட்டுப் போனதா செய்தி வந்துச்சே, அவங்களுக்காக நடந்த ஊர்வலத்தோட வீடியோவைக் காட்டினாங்க. ஏழு பேர்ல ஆறு பேர் பொண்ணுங்க, ஒரே ஒரு ஆம்பளை. அந்த ஒரு முகத்தை மட்டும் பெருசாக்கிப் பாத்துட்டே இருந்தாங்க. "அங்க எல்லாருக்கும் இயக்கப் பேர் வேற, நிஜப் பேர் வேற"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இத்தனை வருஷம் கழிச்சு இதுக்கெல்லாம் யார்கிட்ட கேக்க முடியும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மணல்வீடு:
தம்பி, முதல்ல ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும், இல்லன்னா அந்தம்மா தப்பான இடத்துல போய் நிப்பாங்க.

அந்த ஏழு பேரோட பேரும் போட்டோவும் அப்பவே வெளியில வந்துடுச்சு, அதனால அதுல இவங்க அண்ணன் இருக்காரான்னு பேரை வச்சே பாத்துடலாம். நடந்தது என்னன்னா, 2012ல இருந்து முகாம்ல இருந்தவங்களை பாக்தாத் ஏர்போர்ட் பக்கத்துல லிபர்ட்டி முகாமுக்கு மாத்தினாங்க, சொத்தைப் பாத்துக்க சுமார் 100 பேர் மட்டும் அஷ்ரஃப்லயே இருந்தாங்க. 2013 செப்டம்பர் 1 அன்னிக்கு ஆயுதத்தோட உள்ள புகுந்து 52 பேரைக் கொன்னுட்டாங்க. மறுநாள் போன ஐநா குழு 52 உடலையும் பாத்துச்சு, நிறைய பேருக்குத் தலையிலயும் மேல் உடம்புலயும் குண்டு, சிலருக்குக் கை கட்டியிருந்துச்சு. ஏழு பேரைக் காணோம். அப்ப ஈராக் பிரதமரா இருந்த நூரி அல்-மாலிகியோட அரசு எங்களுக்குத் தொடர்பே இல்லன்னு சொல்லிடுச்சு. முகாமைச் சுத்தி இருந்தது ஈராக் படை, 2009 ஆரம்பத்துல அமெரிக்காகிட்ட இருந்து பொறுப்பை வாங்கிக்கிட்டதும் அவங்கதான், அப்ப பதில் சொல்ல வேண்டியதும் அவங்கதானே? அந்த டிசம்பர்லயே ஐநா மனித உரிமை நிபுணர்கள் ஏழு பேரும் எங்கன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்கன்னு ஈராக்கைக் கேட்டாங்க. அந்த அமைப்பு மேல யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, ஏழு மனுஷங்க எங்கன்னு கேக்கறதுக்கு அது தடையே இல்ல.

அண்ணன் கதை வேற. 1988 ஜூலை கடைசியில, ஈராக்கோட நடந்த போர்ல ஈரான் போர்நிறுத்தத்துக்கு ஒத்துக்கிட்ட கையோட, இந்த அமைப்போட படை எல்லை தாண்டி ஈரானுக்குள்ள கெர்மான்ஷா ஊர்ப் பக்கம் போச்சு. நிறைய பேர் அங்கயே செத்தாங்க. அதே சமயத்துல ஈரான் ஜெயில்கள்ல ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைத் தூக்குல போட்டு, பல குடும்பத்துக்குப் புதைச்ச இடத்தைக்கூட சொல்லல. கடைசி கடிதம் 88 ஆரம்பம்னா அந்த ஜூலைதான் பெரிய கேள்வி. அவர் அதைத் தாண்டினாரான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. 2003-04ல அமெரிக்க ராணுவம் ஆயுதத்தையெல்லாம் வாங்கிட்டு அஷ்ரஃப்ல இருந்த ஒவ்வொருத்தரையும் தனித்தனியா விசாரிச்சு பதிவு பண்ணுச்சு. 2012ல இருந்து ஐநா அகதிகள் அமைப்பும் ஆளாளுக்குப் பேட்டி எடுத்துச்சு. அந்தப் பதிவுல நிஜப் பேர் இருக்க வாய்ப்பு அதிகம்.

கடலோரம்:
நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்கட அம்மாமார் படத்தோட ரோட்டில இருக்கிறதைப் பாத்து வளர்ந்தனான், அதால இதை வாசிச்சுப்போட்டு சும்மா போகேலாமக் கிடக்கு.

ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தில ஆக்களைத் தேடுறதுக்கெண்டே ஒரு பிரிவு இருக்குது, காசு ஒண்டும் இல்லை. அக்காவே நேர போய் கோரிக்கை குடுக்கலாம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2003க்குப் பிறகு அஷ்ரஃப் முகாமுக்குப் போய் வந்தது, விலகி ஈரானுக்குத் திரும்ப விரும்பின ஆக்களுக்கு உதவியும் செய்தது. பிறந்த திகதி, தகப்பன்ர பேர், இயக்கப் பேர், கடைசியாத் தொடர்பு வந்த இடம், எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்கோ. ஈரான் கலண்டர் வருசத்தை மட்டும் போட்டா குழம்பும், ரெண்டையும் போடச் சொல்லுங்கோ.

அந்த ஏழு பேற்ற குடும்பம் எண்டா வேற வழியும் இருக்குது. ஈராக் 2010இல வலிந்து காணாமல் ஆக்கப்படுறதுக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில சேர்ந்திட்டுது, 2013 அதுக்குப் பிறகு எண்டபடியால் அந்த உடன்படிக்கைக்கான ஐநா குழுவிட்ட அவசர நடவடிக்கை கேக்கலாம். 1988க்கு அது சரிவராது, ஈரான் அதில சேரவே இல்லை.

மீனா_ஆர்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். விசாரிக்கப் போறப்ப ரெண்டு பக்கமும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க. 2005ல ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில, விலகி வந்தவங்க உள்ள அடைச்சு வச்சதையும் அடிச்சதையும் சொல்லியிருக்காங்க, அமைப்பு அதை மறுத்துச்சு. இன்னொரு பக்கம், 2010 வாக்குல முகாம் வாசல்ல குடும்பங்கள்னு சொல்லி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து ராத்திரி பகலா ஒலிபெருக்கி வச்சாங்க, அதுக்குப் பின்னாடி ஈரான் உளவுத்துறைன்னு அமைப்பு சொல்லுச்சு. நிஜமாவே பிள்ளையைத் தேடி வந்த அம்மாவும் அந்தக் கூட்டத்துல இருந்திருப்பாங்க இல்லையா, அதுதான் மனசை அறுக்குது. "உங்க அண்ணன் தகவல் எங்ககிட்ட இருக்கு"ன்னு யாராவது போன் பண்ணா, ஈரான்ல இருக்கற சொந்தக்காரங்க பேரை மட்டும் சொல்லவே வேண்டாம்.

2016 செப்டம்பர்ல கடைசி ஆளு வரைக்கும் ஈராக்கை விட்டு அல்பேனியாவுக்குப் போயிட்டாங்க. உயிரோட இருந்தா அங்க இருக்கலாம், இல்ல விலகிப் போய் வேற நாட்டுல இருக்கலாம். அல்பேனியாவையும் தேடல் மனுவுல எழுதச் சொல்லுங்க.

தேடல்77:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இன்னிக்கு மதியம் கேன்டீன்ல உக்காந்து ஒவ்வொண்ணா ஜெர்மன்ல சொன்னேன். அந்த ஏழு பேர் பட்டியலைப் பாத்தோம், அவர் இல்ல. கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அந்தப் பையனோட அம்மாவும் இப்படித்தான் தேடுவாங்க"ன்னாங்க.

அண்ணன் பிறந்தது அவங்க கலண்டர்ல 1342, அதாவது 1963-64, மாசம் ஞாபகம் இல்லையாம். இயக்கப் பேர் கடிதத்தோட அடியில இருக்காம், கடிதம் தெஹ்ரான்ல தங்கச்சி வீட்டுல இருக்கு. மீனா அக்கா சொன்னதை வச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றதுக்கே பயப்படறாங்க. அங்க இருந்து யாராவது நேர்ல வர்ற வரைக்கும் பொறுக்கலாமா, இல்ல இயக்கப் பேர் இல்லாமலே மனு குடுத்துட்டு அப்புறம் சேத்துக்கலாமா?

கடலோரம்:
பிந்த வேண்டாம், இப்பவே குடுக்கச் சொல்லுங்கோ. புதுத் தகவல் கிடைச்சா பிறகு சேர்க்கலாம். கடிதம் இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்.