டோக்கியோ நிஷிகசாய் தமிழ்க் குடும்பங்கள் குழு: முதியோர் தினத்துக்கு என்ன பாட்டு?

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் மூன்றாம் திங்கள் முதியோர் தின விடுமுறை. நம் குடியிருப்போர் சங்கம் கீழ்க் கூடத்தில் பெரியவர்களுக்கு விருந்து வைக்கிறது. பாட்டுப் பொறுப்பு இந்தத் தடவை நம்முடையது. ஐந்து பாட்டு போதும். தோன்றுவதைப் போடுங்கள்.

பிரபு: அக்கா, யோஅசோபி இசைக்குழுவின் 'யோரு நி ககேரு' வைக்கலாமே? 2020 என்றாலே எனக்கு அந்தப் பாட்டுதான். வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் எங்கே திரும்பினாலும் அதுதான் ஓடியது.

செல்வம்: தம்பி, அது உன் ஆண்டு. வருகிறவர்கள் 80-ஐ ஒட்டியவர்கள். அவர்கள் இளவட்டமாக இருந்தபோது வந்த பாட்டு வேண்டும். 1964-ஐப் பிடி. அக்டோபர் 1 ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது, 10-ஆம் தேதி ஒலிம்பிக் தொடக்கம். அந்த ஆண்டின் பாட்டு 'டோக்கியோ கோரின் ஓந்தோ'. மெட்டு கொகா மசாவோ. பல இசைத்தட்டுக் கம்பெனிகள் தங்கள் தங்கள் பாடகரை வைத்துப் பதிவு செய்தன. ஆனால் மினாமி ஹருவோ பாடியதுதான் அள்ளிக்கொண்டு போனது.

மீனா: அது நல்லது அண்ணா. ஓந்தோ என்றால் நம் கும்மி மாதிரி வட்டமாக வந்து ஆடலாம். உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டினாலும் போதும்.

கவிதா: சரி, அது ஒன்று. அடுத்து?

செல்வம்: சகமோத்தோ கியூவின் 'உஎ ஓ முயித்தே அருக்கோ'. இது இல்லாமல் பட்டியலே கிடையாது. 1961-இல் வந்தது. 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடம், அதுவும் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே பாடி. அங்கே 'சுகியாக்கி' என்று ஒரு சாப்பாட்டின் பெயரை வைத்து விற்றார்கள். பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணீர் கீழே விழாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறவனின் பாட்டு அது.

மீனா: அதில் எனக்கு ஒரு தயக்கம். 1985 ஆகஸ்ட் 12 விமான விபத்தில் இறந்த 520 பேரில் அவரும் ஒருவர். பெரியவர்களுக்கு அந்த நாள் நினைவுக்கு வராதா?

செல்வம்: வரும்தான். ஆனாலும் அவர்கள் அந்தப் பாட்டை விடவில்லையே. 2011 சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் சேர்ந்து பாடிய பாட்டுகளில் அதுவும் ஒன்று. தயங்க வேண்டாம்.

கவிதா: நான் மூன்றாம் மாடிப் பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன். நாமே முடிவு செய்வதைவிட அது சரி.

பிரபு: அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரும் கரவோக்கேயில் பாடுவது 'ஒயோகே! தாயாக்கி-குன்'. 1975 கிறிஸ்துமஸ் அன்று வந்த இசைத்தட்டு என்பதால் அவர்களுக்கு அது 1976-இன் பாட்டு. சிறுவர் நிகழ்ச்சிப் பாட்டுதான். தினம் தினம் இரும்பு அச்சில் வேகிறோமே என்று அலுத்துப்போன ஒரு தாயாக்கி (மீன் வடிவ இனிப்புப் பண்டம்), கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடலில் குதித்துவிடுகிறது. குழந்தைகளைவிட அப்பாக்கள்தான் அதில் உருகினார்கள் என்கிறார்கள். 45 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. ஜப்பானில் இன்றுவரை அதை எந்தத் தனிப்பாட்டுத் தட்டும் முந்தவில்லை. பாடிய ஷிமோன் மசாத்தோவுக்குப் பேசிய கூலி 50,000 யென்!

மீனா: அநியாயம். பாட்டு இருக்கட்டும். அன்று தாயாக்கியும் வாங்கிவிடலாம்.

கவிதா: பாட்டியைப் பார்த்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒலிம்பிக் பாட்டு என்றதும் "அது ஊர்ப் பாட்டு, நல்ல பாட்டுதான்" என்று சிரித்தார். பிறகு "என் ஷோவா 39 வேறு" என்றார். ஜப்பானிய ஆட்சிக்காலக் கணக்கில் அது 1964. அவர் அகித்தா பக்கம். நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு, 15 வயதில், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கென்றே விட்ட ரயிலில் உஎனோ நிலையத்தில் வந்து இறங்கியவர். வடக்கிலிருந்து அப்படி ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். ரொட்டிக் கடையில் வேலை, கடை மாடியிலேயே தங்கல். ஒலிம்பிக் தொடக்க நாளில் விமானங்கள் வானத்தில் புகையால் போட்ட ஐந்து வளையங்களை, மாவுக் கையோடு கடை வாசலில் நின்று பார்த்தாராம். மைதானம் அதே ஊரில்தான், ஆனால் போக நேரமில்லை. விடுமுறை நாளில் உஎனோவுக்குப் போய், இறங்கி வருகிறவர்கள் ஊர்ப் பேச்சுப் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்புவாராம்.

அதே 1964-இல் வந்த பாட்டு 'ஆ, உஎனோ எகி'. பாடியவர் இசாவா ஹச்சிரோ, அவரும் வடக்கே அவொமோரிக்காரர். பாட்டி மெதுவாக முதல் அடியைப் பாடிக் காட்டினார். ஊர் வாசனையைச் சுமந்துகொண்டு ரயில் வந்து நிற்பதைப் பற்றிய வரி. "இதைப் போட்டால் நான் மைக் பிடிக்கிறேன்" என்றார்.

செல்வம்: இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். உஎனோ நிலையத்துக்கு வெளியே அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். நம் கட்டடத்திலேயே அந்த ரயிலில் வந்தவர் இருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அதை முதல் பாட்டாக வையுங்கள். ஓந்தோவைக் கடைசிக்குத் தள்ளலாம்.

மீனா: ஆமாம். ஒலிம்பிக் பார்த்தவர்களுக்கும் ஒரு பாட்டு, ரொட்டி சுட்டவர்களுக்கும் ஒரு பாட்டு.

கவிதா: இன்னும் ஒன்று பாக்கி. மிசோரா ஹிபாரியின் 'கவா நோ நகாரே நோ யோ நி'?

செல்வம்: கட்டாயம். 1989 ஜனவரி 7 ஷோவா மன்னர் காலமானார், மறுநாள் ஹெய்செய் என்ற புதிய ஆட்சிக்காலம் பிறந்தது, 11-ஆம் தேதி அந்தத் தட்டு வந்தது. ஜூன் 24-இல் ஹிபாரியும் போய்விட்டார், 52 வயதில். ஒரு காலம் முடிந்ததை அந்தப் பாட்டோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அதைக் கேட்டால் கூடம் கனத்துவிடும். அடுத்ததாகவே தாயாக்கியை வை.

பிரபு: குழந்தைகளுக்கு 'பாப்ரிகா' வேண்டாமா? யோனெசு கென்ஷி 2020 ஒலிம்பிக்கை மனதில் வைத்து எழுதியது. என் மகளுக்கு ஆட்டம் முழுசாகத் தெரியும்.

கவிதா: ஆறாவதாக இருக்கட்டும், ஐந்து என்று யாரும் எண்ணப் போவதில்லை. வேலைகள்: பிரபு பாட்டு வரிகளைப் பெரிய ஹிரகானா எழுத்தில் அச்செடுக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் வேண்டாம். மீனா வடை, காரம் குறைவாக. செல்வம் அண்ணா ஸ்பீக்கர்.

செல்வம்: ஸ்பீக்கர் சரி. பாட்டியின் குரலுக்குப் பாட்டின் சுருதியை இரண்டு கட்டை இறக்க வேண்டும். கரவோக்கே பெட்டியில் அது முடியும். ஞாயிறு மாலை அவரைக் கூப்பிட்டு ஒருமுறை பாடிப் பார்த்துவிடலாம்.

கவிதா: கேட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு வருகிறாராம். அவருடன் அதே ரயிலில் வந்த தோழி ஒருவர் கசாயில் இருக்கிறாராம், அவரையும் அழைத்து வரலாமா என்று கேட்கிறார்.

மீனா: இது என்ன கேள்வி? வரச் சொல்லுங்கள்.