மறு: போர்ட் ஃபார்வர்டிங் – துறையா, வாயிலா?

> போர்ட் ஃபார்வர்டிங்குக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? நம் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் பெயரிலேயே போர்ட் இருக்கிறது. 'துறை முன்னனுப்பல்' என்று வைத்தால் முடிந்தது.

வணக்கம் ஐயா. போர்ட் லூயிக்காரர் வேறு எப்படிச் சொல்வீர்கள்! கத்ர் போர்ன் ஊரில் என் அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். பள்ளியில் தமிழ் படிக்கிற பையன். "கல்வித் துறை மாதிரியா மாமா?" என்றான்.

பேச்சு வந்ததே அவனால்தான். கேம் கன்சோலை வைஃபையில் இணைத்துவிட்டான், விளையாட்டும் வருகிறது, நண்பனின் குரல் மட்டும் கேட்கவில்லை. பார்த்தால் 'நேட் ஸ்ட்ரிக்ட்' என்றிருந்தது. (ப்ளேஸ்டேஷனில் இதையே 1, 2, 3 என்று எண்ணாகக் காட்டும்.) இணையத்தில் வீட்டுக்கு வெளி முகவரி ஒன்றே; அதை எல்லாக் கருவிகளும் பகிர ரௌட்டர் செய்யும் ஏற்பாடே நேட், அது கெடுபிடியாக இருந்தால் ஸ்ட்ரிக்ட். உள்ளிருந்து யாராவது கேட்டு, அதற்குப் பதில் வந்தால், ரௌட்டர் தன் பட்டியலைப் பார்த்து உரிய ஆளிடம் சேர்த்துவிடும். யாரும் கேட்காமலே நண்பனின் கன்சோல் வந்து 3074 என்ற எண்ணுள்ள போர்ட்டை, அதாவது வாசலை, தட்டினால், யாருக்கு என்று தெரியாமல் தள்ளிவிடும். 'இந்த எண்ணுக்கு வந்தால் இன்னாரிடம் அனுப்பு' என்று ரௌட்டரில் முன்பே எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

சங்க அகப்பாடல்களில் தலைவனை உள்ளே விடாமல் தோழி நிற்பாளே, 'வாயில் மறுத்தல்', அதேதான்! ஸ்ட்ரிக்டுக்கு 'வாயில் மறுப்பு' என்றே வைத்துவிடலாம். தோழி இசைந்தால் 'வாயில் நேர்தல்'. அதையும் எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் 'வாயில் நேர்வு' என்று எழுதினால் வாசலில் ஏதோ விபத்து நேர்ந்தது என்று நினைப்பார்கள்.

> வழிகாட்டி அனுப்புவது என்ற பொருளில் 'ஆற்றுப்படுத்தல்' என்று வைத்தால்?

அழகான சொல். இலங்கைத் தமிழர் உளவள ஆலோசனைக்கு அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள். ரௌட்டருக்கு என்ன மனக்கவலை என்று கேட்பார்கள்.

'முன்னனுப்பல்' எனக்கு ஒட்டவே இல்லை. பிரெஞ்சில் 'ரெடிரெக்சியோன் த போர்ட்', அதாவது திருப்பிவிடல்; அது கொஞ்சம் தேவலை. இரண்டிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: ஒரு வாயில் ஒரே ஆளுக்குத்தான். அக்கா வீட்டில் சின்னவனுக்கும் ஒரு கன்சோல் வந்தது. 3074-ஐப் பெரியவனுடையதற்கு எழுதிவைத்தால் சின்னவனுக்கு அந்த எண் கிடையாது. வீட்டில் ஒரே அழுகை. அப்புறம் கன்சோலே ரௌட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் யூ.பி.என்.பி.யைப் போட்டோம், சின்னவனுடையது வேறு எண்ணை வாங்கிக்கொண்டது. அன்றைக்குத்தான் தோன்றியது: இது அனுப்புவதும் இல்லை, திருப்புவதும் இல்லை. சாவியை ஒருவரிடம் கொடுப்பது. ஆகவே 'வாயில் ஒப்படைப்பு'.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இணைய நிறுவனமே பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்தால், வீட்டில் எதை ஒப்படைத்தும் பலனில்லை. (ரௌட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அதுதான் என்று சந்தேகப்படலாம்.) ஆப்பிரிக்கா முழுவதற்கும் முகவரி பங்கிடும் ஆஃப்ரினிக் எங்களுக்குப் பக்கத்தில் எபேனில்தான் இருக்கிறது. இருந்து என்ன, இணைய முகவரி முறையான ஐ.பி.யின் நான்காம் பதிப்பில் உலகத்துக்கே சுமார் 429 கோடி முகவரிகள்தான். இந்தக் கூட்டுக்குடித்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது?

---

> இந்தக் கூட்டுக்குடித்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது?

தெருவாயில்.

ஒப்படைப்பு சரி, ஒத்துக்கொள்கிறேன். துறையை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் 'வாயில் மறுத்தல்' போன்ற பாடல் சூழலுக்கே அகத்திணையில் துறை என்றுதானே பெயர், ஐயா?