16 எபிசோட்ல முடிஞ்சிடுமாம்ல!

#1 தாமிரபரணி
பக்கத்து இழையில கோவை_குசும்பன் ஒரு முத்து உதிர்த்திருக்கார்: "கொரியா ரொமான்டிக் காமெடி நம்மாளுகளுக்குப் பிடிக்கறதுக்கு ஒரே காரணம், 16 எபிசோட்ல முடிஞ்சிடும். மத்தபடி அதுல ஒண்ணுமில்லீங்க." அதுக்கு லைக் வேற குவியுது.

அங்க எண்ணத் தெரிஞ்ச ஆளே இல்லையா? 'காஃபி பிரின்ஸ்' 17. 'சீக்ரெட் கார்டன்' 20. 'மை லவ் ஃப்ரம் த ஸ்டார்' 21. 'பிரின்சஸ் ஹவர்ஸ்' 24. 'பிசினஸ் ப்ரொபோசல்' 12. இதுல எதுவே 16? தொடரைப் பார்த்துட்டுப் பேசணும். ரீல்ஸ் பார்த்துட்டுப் பேசப்படாது.

#2 கோவை_குசும்பன்
ஏனுங்ண்ணா, சோத்துல கல்லை மட்டும் பொறுக்கி எடுத்து இதுதான் சோறுன்னு காட்டறீங்க. 'ஃபுல் ஹவுஸ்' 16. 'மை லவ்லி சாம்சூன்' 16. 'செக்ரட்டரி கிம்' 16. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' 16. 'ஹோம்டவுன் சாசாசா' 16. 'கிங் த லேண்ட்' 16. 'லவ்லி ரன்னர்' 16. போதுங்களா, இன்னும் வேணுங்களா?

போன மாசம் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' 24-ன்னு சத்தியம் பண்ணிட்டு, 25-ன்னு தெரிஞ்சதும் ஒரு வாரம் காணாமப் போனவருதானுங்களே நீங்க?

#3 தாமிரபரணி
அந்தக் கதையை இங்க ஏன்வே இழுக்கீரு? திட்டம் போட்டது 24, ஒண்ணு கூட்டினாங்க, 25 ஆச்சு. நான் சொன்னது திட்டக் கணக்கு. தப்பில்ல.

சரி, நீரே எடுத்துக் கொடுத்துட்டீரு. 'காஃபி பிரின்ஸ்' 16-ல முடிய வேண்டியது 17 ஆச்சு. 'ஸ்டார்' 20-ல முடிய வேண்டியது 21 ஆச்சு. ரேட்டிங் ஏறினா அங்கேயும் இழுப்பாங்க. 16-ங்கறது கலையும் இல்ல, கட்டுப்பாடும் இல்ல. திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன், சனி-ஞாயிறுன்னு வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்லாட். ரெண்டை எட்டு வாரத்தால பெருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கடையில சரக்கு மாத்துற கணக்கு, அவ்வளவுதான்.

#4 மழைக்காலம்
முதல்ல ரொமான்டிக் காமெடின்னா எதைச் சொல்றோம்னு ஒரு வரையறை வச்சுக்கிட்டுப் பேசலாமா? 'குயின் ஆஃப் டியர்ஸ்' அதுல சேருமா? பாதிக்கு மேல அழுகைதான். 'காப்ளின்' சேருமா?

#5 கோவை_குசும்பன்
'குயின் ஆஃப் டியர்ஸ்' 16. 'காப்ளின்' 16. சேர்த்தாலும் 16, சேர்க்காட்டியும் 16. நன்றிங்க அக்கா.

#6 சீரியல்_சிங்கம்
நம்ம சீரியலைத் திட்டுறதுக்கு எல்லாருக்கும் ஒரு சாக்கு வேணும். கணக்குப் போடுவோமா? கொரியத் தொடர் ஒரு எபிசோட் 70 நிமிஷம். 16 எபிசோடுக்கு 1120 நிமிஷம், அதாவது பதினெட்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. நம்ம சீரியல் விளம்பரம் போக 22 நிமிஷம்னு வச்சா அது 51 எபிசோட். வாரம் ஆறு நாள் ஓடினா எட்டரை வாரம். ஆக அவனும் ரெண்டு மாசத்துல அவ்வளவுதான் காட்டுறான், நாமளும் அவ்வளவுதான் காட்டுறோம்.

இன்னொண்ணு, கொரியாவுல தினசரித் தொடர் இருக்கு. கேபிஎஸ் சேனல்ல வார நாள் சாயங்காலம் அரை மணி நேரம், நூறு எபிசோடுக்கு மேல. வார இறுதிக் குடும்பத் தொடர் ஐம்பது எபிசோட். பிறப்பு ரகசியம், மாமியார் கொடுமை, ஆஸ்பத்திரியில மாறிப்போன குழந்தை எல்லாம் அங்க இருக்கு. நம்ம சீரியலை அதோட வச்சு ஒப்பிடணும். ராத்திரி பத்து மணித் தொடரை எடுத்துட்டு வந்து நம்ம ஏழு மணி சீரியலோட நிக்க வைக்கிறது என்ன நியாயம்?

#7 கோவை_குசும்பன்
51 எபிசோடுக்கு அப்புறம் நம்ம சீரியல் நிக்குதுங்களா சிங்கம்? நிக்கற இடத்தைத்தானே நானும் சொல்றேன்.

#8 தாமிரபரணி
சிங்கம் சொன்னதுல பாதி சரி. 'மை கோல்டன் லைஃப்' 2017-18-ல ஓடினது, 52 எபிசோட், ரேட்டிங் 45 சதவீதம் தாண்டின குடும்பத் தொடர். 'கிராஷ் லேண்டிங்' கடைசி எபிசோடே 21.7 சதவீதம்தான். 'லவ்லி ரன்னர்' உலகமே பேசிச்சு, கொரியாவுல 6 சதவீதத்தைக்கூடத் தொடல. 16-தான் வசியம்னா கொரியாக்காரன் ஏன்வே 52-ஐ ஓடி ஓடிப் பார்த்தான்?

#9 கோவை_குசும்பன்
'சாம்சூன்' 2005-ல 50 சதவீதம் தாண்டுச்சுங்க. எத்தனை எபிசோடுன்னு நீங்களே சொல்லுங்.

#10 தாமிரபரணி
2005-ல வேற என்ன இருந்தது பார்க்க? அதை விடும். இப்போ ஒண்ணு கேக்கேன். 'ஐ ஆம் நாட் எ ரோபோ' எத்தனை எபிசோட்?

#11 கோவை_குசும்பன்
16.

#12 தாமிரபரணி
மாட்டினீரா! 32. எம்பிசி சேனல் அட்டவணையில 32-ன்னுதான் போட்டான். 'சஸ்பீஷியஸ் பார்ட்னர்' 40.

ஏன்னு தெரியுமா? ஆன்டெனாவுல வர்ற தரைவழிச் சேனல்கள்ல நிகழ்ச்சிக்கு நடுவுல விளம்பரம் போடத் தடை இருந்தது. கேபிள் சேனலுக்கு அந்தத் தடை கிடையாது. காசு போகுதேன்னு 2017 வாக்குல 70 நிமிஷத்தை ரெண்டா வெட்டி, முதல் பாகம் ரெண்டாம் பாகம்னு பேர் வச்சு, இடையில விளம்பரத்தைச் செருகினான். 35 நிமிஷத்துல ஒரு கொக்கி வேணும்ல, அதுக்காகக் காட்சியையே அங்க திருகினான். கதாநாயகி கதவைத் திறக்கா, 'தொடரும்'. ஒரு நிமிஷம் விளம்பரம். அவ கதவைத் திறந்து முடிக்கா. 2021 ஜூலையில நடுவிளம்பரத்தை அனுமதிச்ச பிறகுதான் இந்தக் கூத்து நின்னுச்சு. உம்ம 16-ஐ அந்த நாலு வருஷமும் நேர்லயே ரெண்டா வெட்டித்தான்வே காட்டினான்.

#13 கோவை_குசும்பன்
ஒரு பரோட்டாவை ரெண்டாப் பிச்சு வச்சா ரெண்டு பரோட்டான்னு பில்லு போடுவீங்களா? 32-ஐ ரெண்டால வகுத்தா எத்தனைங்ண்ணா?

#14 மழைக்காலம்
நீங்க ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டே இருங்க. ஈர்ப்பு எங்க இருக்குன்னு நான் சொல்றேன். பேச்சு மரியாதையில இருக்கு.

கொரியனில் 'ஜொன்டேமால்' மரியாதைப் பேச்சு, 'பான்மால்' நெருக்கப் பேச்சு. வினைமுற்றின் கடைசி அசையிலேயே ஆள் யார், உறவு என்னன்னு தெரிஞ்சிடும். 'செக்ரட்டரி கிம்' தொடரில் செக்ரட்டரியான அவள் ஒன்பது வருஷமா முதலாளியான அவனுக்கு மரியாதைப் பேச்சு, அவன் அவளிடம் நெருக்கப் பேச்சு. முதல் எபிசோட்லயே வேலையை விடறேன்னு அதே மரியாதையோட சொல்லுவா. அந்த மரியாதைதான் அங்க அடி. ஆங்கில சப்டைட்டில்ல இது மொத்தமா செத்துப்போகும். நமக்கு 'நீங்க', 'நீ' இருக்கு. ஒருத்தி 'நீங்க'ல இருந்து 'நீ'க்கு எந்த வாக்கியத்துல இறங்குறாங்கறது நமக்கு உடனே உறைக்கும். அங்கே 'பேச்சை இறக்கிக்கலாமா'ன்னு வாய்விட்டே கேப்பாங்க. முத்தத்தைவிட அது பெரிய கட்டம்.

அதே மாதிரி 'ஜோவாஹே'ன்னா பிடிச்சிருக்கு, 'சரங்ஹே'ன்னா காதலிக்கிறேன். சப்டைட்டில் போடறவர் பல நேரம் ரெண்டையும் ஒரே சொல்லில் கொட்டிடுவார். அப்புறம் 'ஏன் மறுபடி மறுபடி காதலைச் சொல்றாங்க'ன்னு இங்க வந்து கேப்பாங்க.

#15 பாண்டியன்_பேரன்
அக்கா சரியான இடத்துக்கு வந்தீங்க. அவங்க அப்பாவை 'அப்பா'ங்கறாங்க, அம்மாவை 'ஓம்மா'ங்கறாங்க. தமிழ்தான் மூலம். ஹோமர் ஹல்பர்ட் 1905-லயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். நம்ம இளவரசி கப்பல்ல போய் அங்க ராணி ஆனாங்க. அந்த ரத்த பாசம்தான் நம்மள தொடர் பார்க்க வைக்குது.

#16 மழைக்காலம்
அந்த இளவரசி கதை வர்ற கொரிய நூல் 'சம்குக் யூசா', 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பிக்கு தொகுத்தது. அது சொல்ற கதை நடந்ததா அதுவே சொல்லும் ஆண்டு கி.பி. 48. இடையில் ஆயிரத்து இருநூறு வருஷம். அதில் ஊர்ப் பேர் 'அயுதா'. அதை அயோத்தின்னு ஒரு கூட்டம் இழுக்குது, இங்கே பாண்டிய நாடுன்னு ஒரு கூட்டம் இழுக்குது. அம்மா அப்பாவை வச்சு மூலம் சொல்ல முடியாது. குழந்தை வாயில் முதல்ல வர்ற ஒலிகள் அவை. ஜார்ஜிய மொழியில் 'மாமா'ன்னா அப்பா. அவங்க யாருக்கு மாமா?

#17 பாண்டியன்_பேரன்
தமிழன் பெருமையைச் சொன்னா தமிழனுக்கே எரியும்.

#18 சீரியல்_சிங்கம்
மூலம் இருக்கட்டும். 'ஒப்பா'வைத் தமிழ்ல என்னன்னு போடுவீங்க? பொண்ணு தன்னைவிட மூத்த ஆணைக் கூப்பிடற சொல், கூடப்பிறந்த அண்ணனுக்கும் அதேதான். 'அண்ணா'ன்னு போட்டா அந்த நிமிஷமே காதல் முடிஞ்சுது.

#19 கோவை_குசும்பன்
'மாமா'ன்னு போடுங்க. ஜார்ஜியாவுல மட்டும் பிரச்சினை வரும்.

#20 தாமிரபரணி
'அத்தான்'. விவாதமே கிடையாது. இங்க ஆம்பளைங்களும் நடிகரை 'ஒப்பா ஒப்பா'ங்கறாங்க பாரும், அதுவும் தப்பு. ஆண் மூத்த ஆணை 'ஹியோங்'னுதான் கூப்பிடணும்.

இழைக்கு வருவோம். 16-ங்கற எண்ணாலதான் தொடர் கெட்டும் போகுது. 12-ல முடிய வேண்டிய கதையை 16-க்கு இழுக்கான். 13, 14-ல பிரிவு வரும். யாராவது வெளிநாடு போவாங்க, யாருக்காவது நினைவு தப்பும். காரணம் கதை இல்ல, ஸ்லாட். இன்னொரு காரணம் 'ஜோக்டேபோன்'. பக்கம் பக்கமா, படப்பிடிப்பு அன்னைக்குக் காலையில வர்ற வசனத் தாள். முதல் நாலு எபிசோட் ஆற அமர எடுத்திருப்பான். ஒளிபரப்பு தொடங்கின பிறகு வாரத்துக்கு 140 நிமிஷம் எடுத்து, வெட்டி, இசை சேர்த்துக் கொடுக்கணும். பத்தாவது தாண்டும்போது கைவசம் சரக்கு இருக்காது. அப்பத்தான் பழைய காட்சியை ஃப்ளாஷ்பேக்கா ஓட்டி, பாட்டைப் போட்டு நிமிஷத்தை நிரப்புவான். 2019-ல 52 மணி நேர வேலை வார வரம்பு ஒளிபரப்புத் துறைக்கும் வந்த பிறகு முன்கூட்டியே எடுத்து வைக்கறது கூடிச்சு.

இது போக, காட்சிக்குள்ளயே காட்டற விளம்பரப் பொருள். 2010-ல சட்டப்படி அனுமதிச்சாங்க. 2021 வரைக்கும் தரைவழிச் சேனல்ல ஒளிபரப்பு நேரத்துல 5 சதவீதம், திரையில கால்வாசி வரை காட்டலாம்னு இருந்தது. 70 நிமிஷத்துக்கு மூன்றரை நிமிஷம். கதாநாயகன் மனசு ஒடஞ்சு நிக்கும்போது கையில ஜின்செங் பாக்கெட்டைப் பிரிப்பான் பாரும், அது அந்த மூன்றரை நிமிஷம்.

#21 கோவை_குசும்பன்
அப்ப 16-ன்னு ஒத்துக்கிட்டீங்க. "16-ங்கற எண்ணாலதான் தொடர் கெட்டுப் போகுது". உங்க வாக்கியமுங்க.

#22 தாமிரபரணி
கெடுக்குதுன்னு சொன்னேன், பிடிக்கக் காரணம்னு சொல்லல. தமிழ் வாசிக்கத் தெரியணும்.

#23 கோவை_குசும்பன்
கெடுக்கறதுக்காவது 16 இருக்கோணும்ல?

அப்புறம் எல்லாத்துலயும் 14-ல பிரிவுன்னு அடிச்சு விடறீங்க. 'செக்ரட்டரி கிம்'ல கடைசியில பெரிய பிரிவே இல்ல. முதல் முத்தம் பாதிக்கு மேலதான் வரும்னு இன்னொரு இழையில சொன்னீங்க. 'கிராஷ் லேண்டிங்'ல மூணாவது எபிசோட் முடிவுலயே படகுல வந்திருச்சு.

#24 தாமிரபரணி
அது சோதனைக்காரங்ககிட்ட இருந்து தப்பிக்கக் குடுத்தது. அதெல்லாம் கணக்குல வராது.

#25 மழைக்காலம்
எந்த முத்தம் கணக்கு, எது கணக்கில்லைன்னாவது வரையறை…

#26 கோவை_குசும்பன்
முத்தத்துலயும் திட்டக் கணக்கு, நடைமுறைக் கணக்குன்னு ரெண்டு வச்சிருக்கார் அக்கா.

#27 சீரியல்_சிங்கம்
'கிராஷ் லேண்டிங்' தொடரோட பலமே எபிசோட் முடிஞ்ச பிறகு வர்ற எபிலோக். எழுத்து ஓடப்போகுதுன்னு எழுந்தா ரெண்டு நிமிஷம் ஒரு துண்டு வரும். இவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே சுவிட்சர்லாந்துல ஒருத்தரை ஒருத்தர் கடந்து போயிருக்காங்கன்னு துளித்துளியா அவிழ்க்கும். நம்ம சீரியல்ல 'நாளை'ன்னு போட்டு நடக்காததைக் காட்டி ஏமாத்துவான். இது நடந்து முடிஞ்சதைக் காட்டி அடுத்த வாரத்துக்கு இழுக்கும். எங்க ஆளுங்க கத்துக்கிட வேண்டியது இதை, எண்ணிக்கையை இல்ல.

#28 பாண்டியன்_பேரன்
கத்துக்கிட என்ன இருக்கு, எல்லாம் இங்கிருந்து போனதுதான்.

#29 தாமிரபரணி
சிங்கம், எபிலோக்கையும் சேர்த்து எண்ணினா எபிசோட் எண்ணிக்கையே மாறும், அது தெரியுமா? இருக்கட்டும். 2024-ஐயே எடும். 'நோ கெயின் நோ லவ்' 12. 'பிசினஸ் ப்ரொபோசல்' 2022-லயே 12. போற போக்கு 12. ஓடிடி வந்தபிறகு ஸ்லாட்டை நிரப்பற கட்டாயம் இல்ல. இன்னும் அஞ்சு வருஷத்துல குசும்பன் இதே இழையில வந்து "12 எபிசோட்ல முடிஞ்சிடும்"னு எழுதுவார், பார்த்துக்கிடுங்க.

#30 கோவை_குசும்பன்
அதே 2024-ல 'லவ் நெக்ஸ்ட் டோர்' எத்தனைங்ண்ணா?

#31 தாமிரபரணி
அது நல்லா இல்ல.

#32 கோவை_குசும்பன்
நல்லா இருக்கான்னு நான் கேக்கல.

#33 தாமிரபரணி
'காஃபி பிரின்ஸ்' 17. 'சீக்ரெட் கார்டன்' 20. 'ஸ்டார்' 21. 'பிரின்சஸ் ஹவர்ஸ்' 24. 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' 24, சேர்த்தது ஒண்ணு. இதுல எது 16-ன்னு சொல்லாம இங்கிருந்து ஒருத்தரும் நகரப்படாது.