ஒரே களம், இரண்டு கூலி: சட்டப்படி சரியா?

கேள்வி (நீடாமங்கலம்):
எங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றின் களத்தில் என் அம்மா ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். அவித்த நெல்லைப் பரப்புவது, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிடுவது, மழை இருட்டினால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது என எல்லாவற்றையும் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே செய்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது ஆண்களுக்கு நாளொன்றுக்கு 650 ரூபாயும் அம்மாவுக்கு 400 ரூபாயும் எண்ணித் தருகிறார்கள். ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள் என்பது உரிமையாளர் சொல்லும் காரணம். இதைச் சட்டம் ஏற்கிறதா?

பதில் 1 (கும்பகோணம்):
ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று பார்த்து ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் 3ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருக்கின்றனவா என்பதே அளவுகோல். ஆகவே ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: மூட்டையை உண்மையில் தூக்குவது யார்?

கேட்டவர்:
லாரியில் ஏற்றி இறக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள், ஐயா. அவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. களத்து ஆண்கள் மாதத்தில் ஓரிரு முறை கைகொடுப்பதோடு சரி.

பதில் 1:
அப்படியானால் அந்தக் காரணம் நிற்காது. நடைமுறையில் முக்கியத்துவம் இல்லாத சிறு வேறுபாட்டைக் காட்டி வேலையை வேறாக்க முடியாது. கட்டுப்படியாகவில்லை என்பதும் விடையாகாது; பெண் சுருக்கெழுத்தாளர்களின் ஊதியம் பற்றிய மெக்கின்னன் மெக்கென்சி வழக்கில், நிறுவனத்தின் பண நெருக்கடியைக் காட்டிச் சம ஊதியத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. ஆண்களின் கூலியை 400 ரூபாய்க்கு இறக்கிச் சமமாக்குவதற்கும் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

பதில் 2 (திருவாரூர்):
வயலில் ஆண்கள் நாற்றுப் பறிக்க, பெண்கள் நாளெல்லாம் குனிந்து நடவு செய்கிறார்கள். அங்கே இரண்டும் ஒத்த வேலைதானா என்ற வாதமே நீளும். உங்கள் அம்மாவின் நிலை அதைவிடத் தெளிவானது. கூலிச் சீட்டு தருவது உரிமையாளரின் கடமை, அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தொழிற்சங்கமும் தாக்கல் செய்யலாம். சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க இடமுண்டு. களத்துப் பெண்கள் அனைவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள். அம்மாவை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.