மொட்டை மாடியில் கூந்தன்குளம்

குடும்பச் செல்பேசிக் குழு: கல்லிடை வீடு

ஜனவரி 16, வெள்ளி

நான் (காலை 7.10): அனைவருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு வரும் 24-ஆம் தேதியோடு ஒரு வயது நிறைகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டவுன் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையிலேயே விழாவை வைத்துக்கொள்ள நானும் அத்தானும் முடிவு செய்திருக்கிறோம். அலங்காரத்துக்கு விசாரித்த ஓரிடத்தில் காடு, கடற்கன்னி, விண்வெளி என்று மூன்று படங்களைக் காட்டி, எதை எடுத்தாலும் 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். காட்டுப் படத்தில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பாப்பா எங்கே பார்த்தாள் என்று யோசித்தபோதுதான், போன மாதம் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்தில் கூழைக்கடாப் பறவை ஒன்று தலைக்கு மேலே பறந்து போனதைப் பார்த்து அவள் முதன்முதலாகக் கைகொட்டியது நினைவுக்கு வந்தது. ஆகவே கூந்தன்குளத்துப் பறவைகளையே நம் கையால் செய்து மாடியில் தொங்கவிடலாம் என்று நினைக்கிறேன். யார் யார் எதைச் செய்ய முடியும் என்று சொல்லுங்கள்.

கல்லிடை தாத்தா (7.32): அம்மாடி, நல்ல யோசனை. திருநெல்வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், நாங்குநேரிப் பக்கம், 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் ஒன்று இருக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கக் காட்டைத் துணியில் அச்சடித்துக் காட்டுவானேன்? இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். இந்தக் குழுவில் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நகரும் வழக்கம் மீண்டும் தலைதூக்குகிறது. விழா முடியும்வரை எல்லோரும் முழு வாக்கியத்தில் எழுத வேண்டுகிறேன்.

சென்னை மதினி (8.05): சரி தாத்தா, முழு வாக்கியத்திலேயே எழுதுகிறேன். நானும் உங்கள் பேரனும் வெள்ளி இரவு ரயிலில் கிளம்பிச் சனிக்கிழமை காலையில் வந்துவிடுவோம். வரும்போது நூறு பலூனும், அவற்றைக் கோக்கும் பட்டையும், காற்றடிக்கும் கருவியும் வாங்கி வருகிறேன். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு வளைவு செய்தால் பூநாரைக் கூட்டம் போலவே இருக்கும்.

பாளை சித்தி (8.20): பலூன் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முப்பது ஆண்டு செவிலியராக இருந்தவள் பயமுறுத்துகிறாள் என்று நினைக்கவேண்டாம். ஊதிய பலூனைவிட வெடித்த பலூனின் துண்டுதான் ஆபத்து. அது மெல்லிய தோலைப் போலத் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். முதுகில் தட்டினாலும் எளிதில் வெளியே வராது. ஒரு வயதுப் பிள்ளை தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைத்துத்தான் இன்னதென்று தெரிந்துகொள்ளும். நூறு பலூன் கட்டினால் பத்தாவது வெடிக்கும். பத்துத் துண்டையும் பொறுக்கிவிட்டோம் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

சென்னை அண்ணன் (8.41): சித்தி சொல்வதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியவனின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, இருநூறு பலூன் கட்டி, கேக் வெட்டும் நேரத்தில் யாரோ பார்ட்டி பாப்பர் என்னும் காகித வெடியை வெடிக்க, அவன் அலறத் தொடங்கியவன் முக்கால் மணி நேரம் ஓயவில்லை; ஓய்ந்ததும் தூங்கிவிட்டான். ஆல்பத்தில் கேக் வெட்டுவது நானும் உங்கள் மதினியும் மட்டும்தான்.

சென்னை மதினி (8.44): அந்த ஆல்பத்தை இங்கே நினைவுபடுத்தியிருக்க வேண்டாம். பலூன் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் (9.15): பாப்பரும் வேண்டாம் மதினி. கூந்தன்குளத்தில் கூடு கட்டிய பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊரின் பெயரில் விழா வைத்துவிட்டு நாம் வெடிப்பது பொருந்தாது.

அம்பை மாமா (10.02): நான் தெர்மகோலில் மூன்றடி உயரத்துக்கு ஒன்று என்ற எண்ணை வெட்டித் தரட்டுமா? சூடான கம்பியால் வெட்டும் கருவி என்னிடம் இருக்கிறது.

அத்தான் (10.30): மாமா, அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் தெர்மகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. கடையில் இன்னும் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். அது உதிர்க்கும் வெள்ளை மணியைப் பாப்பா ஒரு நொடியில் பொறுக்கிவிடுவாள். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை மாடியில் கிடக்கிறது. அதில் வெட்டித் தாருங்கள்.

நான் (10.48): பொங்கல் பானைக்கு எரிக்க வாங்கிய பனை ஓலையில் ஒன்றரைக் கட்டு மீதம் இருக்கிறது. காய்ந்த ஓலையை அப்படியே வளைத்தால் ஒடிந்துவிடும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் துணி போல மடிகிறது. நேற்று ஒரு நாரை செய்து பார்த்தேன். இரண்டு ஓலை நறுக்கைக் குறுக்கே வைத்துப் பின்னி உடலாக்கி, விரிந்த நுனிகளைச் சிறகாக விட்டு, நடுநரம்பு உள்ள ஒரு நறுக்கை வளைத்துக் கழுத்தாகச் செருகினேன். முதல் நாரை கோழி போலத்தான் வந்தது. நான்காவதில் கழுத்து நின்றது. கால்களுக்கு ஈர்க்குச்சியைச் செருகியபின், அது பிள்ளைகளின் கண்ணில் குத்திவிடுமே என்று தோன்றியதால் ஈர்க்கை உருவிவிட்டுத் தடித்த நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். பறக்கும் நாரைக்குக் கால் பின்னால் நீண்டிருக்க வேண்டும், இது கீழே தொங்குகிறது என்று அத்தான் குறை சொன்னார். குறை சொன்னவருக்கே அடுத்த பத்து நாரையையும் கொடுத்துவிட்டேன்.

கல்லிடை தாத்தா (11.20): நாரையின் அலகுக்கு வேறெங்கும் தேடவேண்டாம், பொங்கலுக்கு அவித்த பனங்கிழங்கு மீதம் இருந்தால், அதை நெடுக்கே பிளந்து பார். நம் முன்னோர்கள் கண்ட உவமை அது. இனி ஆச்சி சொல்வதை நான் எழுதுகிறேன்: "மொட்டையும் காதுகுத்தும் எப்போது? அதை விட்டுவிட்டுக் கொக்குக்கும் குருவிக்கும் பிறந்தநாள் கொண்டாடுகிறீர்களா?"

நான் (11.34): ஆச்சி, அது நட்சத்திரப் பிறந்தநாளன்று, சாஸ்தா கோயிலில், வீட்டோடு மட்டும். அண்ணன் மடியில்தான் காது குத்துகிறோம். இந்த ஞாயிறு நண்பர்களுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

நான் (மாலை 4.05): சாப்பாட்டைப் பேசி முடித்துவிடலாம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் வருவார்கள். காலை பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிட வேண்டும், ஏனென்றால் பாப்பா ஒன்பதரைக்குள் முதல் தூக்கத்தை முடித்து எழுவாள், ஒன்றரைக்கு மறுபடியும் கண் சொருகிவிடும். மாலை விளக்கொளியில் படம் நன்றாக வரும் என்று பலர் சொன்னாலும், அந்த நேரத்தில் அவள் அழுகைதான் படத்தில் வரும். உணவுக்குச் சொதி வைக்கலாமா?

கல்லிடை தாத்தா (4.20): ஆச்சி கேட்கிறாள்: "சொதி மறுவீட்டுச் சாப்பாடு அல்லவா? பிறந்தநாளுக்கு யார் சொதி வைப்பார்கள்?"

அம்பை மாமா (4.26): அம்மா, மறுவீட்டுக்காகக் காத்திருந்தால் இந்த வீட்டில் இன்னும் இருபத்தைந்து ஆண்டுக்குச் சொதியே கிடைக்காது. நான் ஆதரிக்கிறேன்.

பாளை சித்தி (4.50): நானும்தான். நான்கு பேருக்கு ஒரு பெரிய தேங்காய் என்று கணக்கிட்டால் பத்துத் தேங்காய் வேண்டும். மூன்று பாலையும் தனித்தனியாக எடுத்து வைத்து, காய்களை மூன்றாம் பாலிலும் பிறகு இரண்டாம் பாலிலும் வேகவிட்டு, குழைய வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறும் இறக்கிய பிறகுதான். பச்சை மிளகாய் சேர்ப்பதற்கு முன்பே பாப்பாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால், சோற்றோடு பிசைந்து அவளும் நம்மோடு அதையே சாப்பிடலாம். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் பெரியவர்களுக்கு.

நான் (5.02): கேக்கைப் பொறுத்தவரை, பாப்பா கையால் பிசைந்து விளையாட ஒரு பெரிய தட்டு இட்லியை அவிக்கலாம் என்றிருக்கிறேன். மாவில் பீட்ரூட் சாறு கலந்தால் பூநாரையின் நிறம் வரும். உண்மையான பூநாரைக்கும் அந்த நிறம் உண்ணும் பாசியிலிருந்தும் கூனிறாலிலிருந்தும்தான் வருகிறது; குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான்.

கல்லிடை தாத்தா (5.15): ஆச்சியின் அடுத்த கேள்வி: "தேன் கொடுக்கக்கூடாது என்று ஒரு வருடமாக என் கையைக் கட்டிப் போட்டீர்களே, ஞாயிற்றுக்கிழமையாவது நாக்கில் ஒரு சொட்டு வைக்கலாமா?"

பாளை சித்தி (5.21): வைக்கலாம் அம்மா. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து, ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும் என்பதால்தான் அதுவரை தடுத்தேன். 24-ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் கை, உங்கள் தேன். ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்பை மாமா (6.10): வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான் வாங்கி வரவா? கடைசல் மரத்தில் அடுப்பும் பானையும் குடமுமாக அழகாக இருக்கிறது.

பாளை சித்தி (6.18): ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குங்கள். மூன்று சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழையும் எந்தப் பொருளும் பாப்பா கைக்குப் போகக்கூடாது. அந்தக் குட்டிச் சொம்பு அப்படியே நுழையும். பொத்தான் மின்கலம் போட்ட மினுக்கு விளக்கும் வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

அம்பை மாமா (6.25): சரி. பெரிய பிள்ளைகளுக்குச் செப்பு, மற்றவர்களுக்கு ஓலைக் கொட்டானில் கருப்பட்டி மிட்டாய், பாப்பாவுக்கு நடைவண்டி.

ஜனவரி 24, சனி

நான் (இரவு 9.40): இன்றைய நிலவரம். நாரை பதினேழு, பூநாரை ஒன்பது, கூழைக்கடா இரண்டு. கூழைக்கடாவின் தாடைப் பைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சள் நீரில் நனைத்துத் தைத்தேன்; வாழ்த்துச் சீட்டுகளை அதற்குள் போடலாம். கரண்டிவாயன் பறவைக்குத்தான் அலகு அமையவில்லை. அட்டையில் வெட்டினால் மடங்குகிறது, ஓலையில் செய்தால் கூர்மையாகிவிடுகிறது. கடைசியில் மதினிதான் ஆச்சி கொண்டுவந்த பையிலிருந்து மர அகப்பை ஒன்றை எடுத்து, வெள்ளைத் துணி சுற்றிய தலையணையின் முனையில் கட்டி வைத்தார். அகப்பையின் காம்பும் அகன்ற நுனியும் அச்சாகக் கரண்டிவாயன் அலகேதான். இவ்வளவு நாள் அதைக் குழம்பு கிண்டவா வைத்திருந்தோம் என்று தோன்றியது. அதைத் தரையிலேயே, பத்தமடைப் பாயின் ஓரத்தில், பாப்பாவின் உயரத்துக்கு வைத்திருக்கிறோம். மற்றவை எல்லாம் ஆறடிக்கு மேலே கட்டியாயிற்று.

அத்தான் (9.52): வரித்தலை வாத்தும் ஒன்று செய்திருக்கிறேன். இமயமலையைத் தாண்டி வரும் பறவை என்பதால், அதை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

சென்னை அண்ணன் (9.55): அந்த வாத்து தலைகீழாகத் தொங்குகிறது என்பதையும் குழுவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பாளை சித்தி (பிற்பகல் 2.15): வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சொதி திரியவில்லை, மிஞ்சவும் இல்லை. நாற்பது பேர் என்றாய். நான் எண்ணிய இலை ஐம்பத்திரண்டு.

நான் (2.40): தெருப் பிள்ளைகள் தங்கள் தம்பி தங்கைகளையும் அழைத்து வந்துவிட்டார்கள் சித்தி. நாரைகளில் பதினொன்று அவர்களோடு பறந்து போய்விட்டன. கேட்ட பிள்ளைகளுக்கு எல்லாம் அவிழ்த்துக் கொடுத்தேன். பாப்பா இட்லியைப் பிசைந்து தலையில் தேய்த்துக்கொண்டாள். தொங்கிய பறவைகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரமும் கரண்டிவாயனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் அலகைக் கடித்தபடியே இருந்தாள். படங்களை இரவு அனுப்புகிறேன். இப்போது அதைக் கட்டிக்கொண்டே தூங்குகிறாள்.

கல்லிடை தாத்தா (6.30): கல்லிடைக்குறிச்சிக்கு நலமாக வந்து சேர்ந்தோம். ஆச்சி பையைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்கிறாள்: "என் அகப்பையில் ஒன்று குறைகிறது."

நான் (6.34): தாத்தா, ஆச்சியிடம் சொல்லுங்கள்: அது இப்போதைக்கு வராது. அதில் நான்கு பல் தடம் விழுந்திருக்கிறது.

கல்லிடை தாத்தா (6.41): "மேலே இரண்டா, கீழே இரண்டா?" என்று கேட்கிறாள்.